வால் இல்லாத கோப்புகள்

என் அன்பு சாந்தி மச்சாள்,

நீங்கள் கண்மூடிய பிறகும் நம் கடையை நான் தினமும் திறக்கத்தான் செய்கிறேன். அச்செடுக்கவும் ஸ்கேன் பண்ணவும் ஆட்கள் வருகிறார்கள். துறைமுகக் காற்று கதவை அடித்துச் சாத்தாமல் நீங்கள் வைத்த கல் அங்கேயே கிடக்கிறது. உங்கள் கதிரையில் மட்டும் இன்னும் ஒருவரும் இருப்பதில்லை. அண்ணா வந்தாலும், பெண்சாதியின் இடம் என்று, நின்றே கதைத்துவிட்டுப் போகிறார்.

நேற்று உங்களை ஏசவேண்டி வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கப்பல்துறையிலிருந்து ரஞ்சினியக்காவும் மகள் கீதாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். துறைமுகப் பக்கம் ஒரு கம்பனி வேலைக்குக் கீதா விண்ணப்பித்திருக்கிறாள். டிப்ளோமாச் சான்றிதழைப் பின்னேரத்துக்குள் அனுப்பாவிட்டால் நேர்முகம் இல்லை. கூரை ஒழுகி அசல் ஊறிப்போய்விட்டது. மிச்சம் இருந்தது, முன்பு நீங்கள் ஸ்கேன் பண்ணி அவளுக்கு மின்னஞ்சலில் அனுப்பியது மட்டும்தான். அதுவோ திறக்கவே மாட்டேன் என்கிறது.

“வேற கடையளுக்கும் போனனாங்கள். ஃபைல் பழுதாப் போச்சாம், ஒண்டும் செய்ய ஏலாதாம்,” என்றார் ரஞ்சினியக்கா. கீதா கைபேசியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள்.

இணைப்பைத் திரும்பவும் இறக்கிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது, வெறுங்கோப்பு இல்லை. பிறகுதான் அதன் பெயரைக் கவனித்தேன்: ‘கப்பல்துறை ரஞ்சினியக்கா மகள் கெட்டிக்காரி’. அதோடு சரி. பின்னால் புள்ளியும் இல்லை, அது என்ன வகைக் கோப்பு என்று சொல்லும் எழுத்துகளும் இல்லை.

எத்தனை தரம் சொல்லியிருப்பேன் மச்சாள்? பெயர் மாற்றும்போது அந்த வாலை வெட்டாதேயுங்கோ, கணினிக்கு அது வேணும் என்று. “ஒரு பிள்ளையின்ட பேருக்குப் பின்னால என்னத்துக்கு வால்? வடிவில்லை,” என்பீர்கள். மாற்றினால் கோப்பு பயன்படாமல் போகலாம் என்று கணினி எச்சரிக்கும். அதற்கும் ‘ஓம்’ என்று அழுத்துவீர்கள். உங்களோடு யார் மல்லுக்கட்டுவது?

பிடிஎஃப் வாலை ஒட்டினேன், திறக்கவில்லை. படத்துக்குரிய வாலை ஒட்டினேன்.

திறந்தது. சான்றிதழ் தெளிவாக இருந்தது. கீழ் மூலையில், மூடி உடைந்த நம் ஸ்கேனரில் தாளை அழுத்திப் பிடித்த உங்கள் விரல்கள். மோதிரமும் தெரிந்தது. ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

“விரலை வெட்டிவிடட்டோ?” என்று கேட்டேன்.

“வேண்டாம் அன்ரி. எழுத்து ஒண்டும் மறையேல்லைத்தானே. பேரும் அப்பிடியே போகட்டும்,” என்றாள் கீதா.

அப்படியே அனுப்பினோம். கடை பூட்டமுன் பதில் வந்தது: திங்கட்கிழமை நேர்முகத்துக்கு வரட்டுமாம். ரஞ்சினியக்கா அப்பாடா என்று பக்கத்தில் இருந்த உங்கள் கதிரையில் இருந்துவிட்டார். நான் எழும்பச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

லிங்கநகரிலும் பாலையூற்றிலும் கிண்ணியாவிலும் இன்னும் எத்தனை பேரிடம் உங்கள் வாலில்லாக் கோப்புகள் கிடக்கின்றனவோ? ஒவ்வொருவராக வருவார்கள். வரட்டும். வாலை நான் ஒட்டிக் கொடுப்பேன். நீங்கள் வைத்த பெயரில் கை வைக்கமாட்டேன். விரல் தெரிந்தால், அதையும் வெட்டமாட்டேன்.

உங்களோடு இன்னும் சண்டை முடியாத
உங்கள் மச்சாள்,
வாசுகி