போண்டாவின் மூச்சு

அடுத்த வீட்டில் சாம்பிராணி போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை என்பது எனக்கு மறந்தாலும் என் மூக்குக்கு மறப்பதில்லை. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். தாழ்வாரத்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். கதவடியில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்தேன். கூண்டைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினேன். உள்ளே இருந்த மகாராஜா என்னை ஒரு பார்வை பார்த்தார். பாதி தின்றுகொண்டிருக்கும்போது தூக்கிக்கொண்டு போவது அவருக்குப் பிடிக்காது.

சாம்பிராணி வாசனை வந்தால் நீயும் வந்துவிடுகிறாய். அதனால்தான் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்பது தெரியும். இருந்தபோது மட்டும் என் பேச்சை எப்போது முழுசாகக் கேட்டாய்? குழாய் பழுதுபார்க்கும் கம்பெனியில் நாள் முழுக்கத் தொலைபேசியில் ஊரார் குறை கேட்டவள், என் குறையை மட்டும் பாதியிலேயே வெட்டிவிடுவாய். "மிச்சம் தெரியும்டி, டீயக் குடி" என்பாய். தெரிந்தும் இருக்கும், அதுதான் எரிச்சல்.

போண்டா வந்த நாள் நினைவிருக்கிறதா? உன்னோடு வேலை பார்த்தவள் சிங்கப்பூரை விட்டு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது அந்தக் கினி பன்றியை உன் தலையில் கட்டிவிட்டுப் போனாள். ஃபேரர் பார்க்கில் நம் புளோக்கின் லிஃப்டில் நீ அட்டைப் பெட்டியோடு ஏறியதும் நான் எட்டிப் பார்த்தேன்.

"எலியா வாங்கிட்டு வந்திருக்க?"

"எலி இல்லடி. வால் எங்க இருக்கு, பாரு."

"வால் இல்லாத எலி லா."

நம் மாடி வந்து சேர்வதற்குள் பெயரும் வைத்துவிட்டாய். உருண்டையாக, எண்ணெயில் சற்றுக் கூடுதலாகவே சிவந்த நிறத்தில் இருந்ததால் போண்டா. பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் அன்றைக்கே எனக்கும் வேலை ஒதுக்கினாய். தேக்கா சந்தைக்குப் போனால் கொத்தமல்லிக் கட்டு, குடைமிளகாய். குடைமிளகாயில் இருக்கும் சத்து அதற்குத் தினமும் வேண்டுமாம். கொத்தமல்லிப் பையின் சரசரப்பு வாசலில் கேட்டாலே உள்ளிருந்து அது வீல் வீலென்று விசிலடிக்கும். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில்கூட என் வரவுக்கு அப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை.

முதல் தீபாவளியில் நாம் அடித்த கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. தீபாவளி என்றால் வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் தலைக்குக் குளியல் உண்டு என்று நீ முடிவு கட்டினாய். போண்டாவும் வீட்டில் இருக்கும் ஆள்தானே. வெந்நீரில் குளிப்பாட்டினாய். முறுக்குக்கு வந்த நான் துண்டைப் பிடித்துக்கொண்டேன். ஈரத்தில் அது இரண்டு தும்மல் போட்டதும் நீயும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிள்ளை பெறாத நமக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. நம் அம்மாக்கள் நமக்குச் செய்ததுதான். துண்டில் சுற்றி, சாம்பிராணிப் புகை காட்டினோம். சளி பிடிக்கக் கூடாதென்று மூக்கோரம் ஒரு சொட்டுத் தைலமும் தடவினோம். ஓர் இந்துவும் ஒரு கத்தோலிக்கரும் சேர்ந்து ஒரு ஜீவனை அவ்வளவு பக்தியோடு கொடுமைப்படுத்தியது அதற்கு முன் நடந்திருக்காது.

இரண்டு நாளில் தும்மல் கூடியது. மூக்கைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. மயிரைச் சிலுப்பிக்கொண்டு மூலையில் குந்தியிருந்தது. நான் தூங்குகிறது என்றேன். நீ கொத்தமல்லிப் பையைச் சரசரவென்று அசைத்தாய். அது திரும்பவில்லை.

"சாப்பாட்டுக்குக் கத்தலன்னா இவன் தூங்கல. முடியாம இருக்கான்."

அப்புறம்தான் அதை எடுத்து, அதன் விலாவைத் தொலைபேசி போலக் காதில் வைத்துக்கொண்டாய். எதிர்முனையில் இருப்பவர் பேசும் முன்னே, மூச்சை வைத்தே அவர் கோபத்தின் அளவைச் சொல்பவள் நீ. கண்ணை மூடிக் கேட்டாய். என் காதிலும் வைத்தாய். உள்ளே மெல்லிய சொடக்குச் சத்தம். யாரோ தொலைவில் காய்ந்த இலையை மிதிப்பது போல.

ரயிலிலும் பஸ்ஸிலும் பிராணிகளை ஏற்ற மாட்டார்கள். டாக்சி பிடித்துக் கிளமெண்டிக்குப் போனோம். இம்மாதிரிச் சின்னப் பிராணிகளைப் பார்க்கும் சீன டாக்டர், இளம்பெண். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பதுண்டா என்று கேட்டாள். நீ "நோ" என்றாய். அந்த "நோ"வை நீ இழுத்த இழுப்பிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு சாம்பிராணியை ஆங்கிலத்தில் விளக்கினாய் பார், நான் சுவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினேன். அவள் சிரிக்கவில்லை. ஊதுவத்தி ஏற்றும் சீன வீடுகளிலிருந்தும் இப்படி நிறைய வருகின்றன என்றாள்.

அவள் சொன்னது எல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். இவை மூக்கால் மட்டுமே மூச்சு விடும். மூக்கு அடைத்தால் நம்மைப் போல வாயைத் திறந்து சமாளிக்கத் தெரியாது. புகை, தைலம், வைக்கோல் தூசி, மாற்றாத படுக்கையின் மூத்திர நெடி, எல்லாமே அந்தச் சின்ன நுரையீரலுக்குப் பகை. காட்டில் பிறருக்கு இரையாகிற இனம் என்பதால் நோயைக் கடைசிவரை மறைக்கும். நம் கண்ணில் படும்போதே பாதி நேரம் போயிருக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், நமக்குக் கொடுக்கும் சில ஆன்டிபயாட்டிக் இவற்றின் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும் என்றாள். உன் கை மெதுவாகக் கைப்பைக்குள் போய் எதையோ ஆழத்தில் தள்ளியதை நான் பார்த்தேன். கேட்கவில்லை.

அந்த முறை சீக்கிரம் தேறிவிட்டது. அன்றிலிருந்து உன் வீட்டில் விளக்கு மட்டும்தான், புகை கிடையாது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் போண்டாவைக் காதில் வைத்து ஒரு நிமிஷம் நிற்பாய். "என்ன சொல்றான்?" என்று கேட்பேன். "ஒண்ணும் சொல்லல. அதான் நல்லது" என்பாய்.

போன வருஷம் நீ போய்விட்டாய். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். வேலைக்குப் போனவள் வேலையிடத்திலிருந்தே போனாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அதற்கு உன்னை இன்னும் நான் மன்னிக்கவில்லை. தைக்க எடுத்த துணியை நடுவில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது?

உன் அண்ணன் கிளமெண்டியில் தம் வீட்டிலிருந்து வந்து உன் வீட்டிலேயே தங்கினார். முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக் காரியம் வரைக்கும் உன் படத்துக்கு முன்னால் விளக்கு அணையக் கூடாது, சாம்பிராணி இருக்க வேண்டும் என்று அவருக்கு. பெட்டியில் விற்கிறார்களே கப் சாம்பிராணி, அதில் ஒன்று தீர்ந்தால் இன்னொன்று. காற்றில் சுடர் அசையாமல் இருக்க ஜன்னல்களைச் சாத்தி, காற்றாடியையும் நிறுத்தியிருந்தார். வேர்த்து ஊற்ற ஊற்ற மனிதர் உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டுமென்று கூண்டை உன் படத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தார்கள். நானும் வந்து போய்க்கொண்டுதான் இருந்தேன். அழுது அழுது மூக்கடைத்துக் கிடந்ததில் புகை எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்து உன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் சொன்னார்.

"பாருங்க, இதுவும் சாப்பிட மாட்டேங்குது. அதுக்கும் துக்கம்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாலு கால் பிராணிகூட உன்னை நினைத்துப் பட்டினி கிடக்கிறது என்பது, சொல்லப்போனால், எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. துக்கத்துக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி. கையில் கொத்தமல்லிப் பை இருந்தது. அசைத்தேன். அது திரும்பவில்லை.

உன் குரல் அப்படியே கேட்டது. சாப்பாட்டுக்குக் கத்தலன்னா முடியாம இருக்கான்.

எடுத்துப் பார்த்தேன். மூக்கில் பொருக்கு. கண்ணோரம் பிசுபிசுப்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. கை நிறைய இருக்க வேண்டியது எலும்பும் தோலுமாக இருந்தது. காதில் வைத்தேன். அதே காய்ந்த இலைச் சத்தம், இந்த முறை மிகப் பக்கத்தில்.

"அண்ணே, இது துக்கம் இல்ல. இதுக்கு மூச்சு முட்டுது. அந்தப் புகையை அணைக்கணும்."

அவர் முகம் மாறியது. சத்தம் போடுகிறவர் இல்லை அவர், அது உனக்குத் தெரியும். அதுதான் இன்னும் கஷ்டம்.

"அவளுக்கு நான் செய்யறது இது ஒண்ணுதான். இதையும் நிறுத்தச் சொல்றீங்களா?"

உங்கள் வீட்டுக் காரியம். நான் பக்கத்து வீட்டுக்காரி, வேறு வேதம். ஒரு தங்கையின் படத்துக்கு முன் அண்ணன் ஏற்றியதை அணைக்கச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் கிடையாது. ஆனால் உன் வீட்டில் உன் கையில் சாப்பிட்ட ஓர் உயிர் என் உள்ளங்கையில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. அதையும் விட்டால் உன்னுடையது என்று எனக்கு எதுவுமே இருக்காது. எழுந்து போய் அவர் காதோரம் வைத்தேன்.

"நீங்களே கேளுங்க. அவ தெனமும் இப்படித்தான் கேப்பா."

அவர் முதலில் விலகினார். பிறகு தலையைச் சாய்த்தார். உன்னைப் போலவே கண்ணை மூடினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது.

எழுந்தார். சாம்பிராணிக் கப்பைத் தாமே எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். தண்ணீர் பட்டுச் சீறும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார். காற்று உள்ளே வந்ததும் உன் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கும் அணைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் தீப்பெட்டியைத் தேடவில்லை. கார்ச் சாவியைத் தேடினார்.

அதே கிளினிக், அதே டாக்டர். எக்ஸ்ரேயில் நுரையீரலில் மேகம் போலப் படர்ந்திருந்தது. நிமோனியா. கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆக்சிஜன் விட்டாள். உறுதி எதுவும் சொல்ல மாட்டேன், ஆனால் இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கே ஒன்றும் இருந்திருக்காது என்றாள். அண்ணன் அந்தப் பெட்டிக்கு முன் முழங்காலில் உட்கார்ந்து, உன் படத்தைப் பார்த்த மாதிரியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"இத எப்பக் கத்துக்கிட்டா அவ?"

தீபாவளிக் குளியல் கதையைச் சொன்னேன். நீ போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு அனுப்பியபின் வேலை நமக்குத்தான். நமக்கு என்று எழுதுகிறேன் பார். அண்ணனுக்கும் எனக்கும். டாக்டர் கொடுத்த மருந்து, நெபுலைசரில் மருந்துப் புகை, ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்த புல்மாவு. அந்த ஒரு புகை மட்டும் அதற்கு நல்லதாம். அவசரப்பட்டு ஊட்டினால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்பதால் துளித்துளியாகக் கன்னத்தோரம் விட வேண்டும். கொக்கி தைக்கிற கைக்கே அது பொறுமையைச் சோதித்தது. அண்ணன் முதலில் பாதியை மடியில் சிந்தினார். பிறகு என்னைவிட நன்றாகவே ஊட்டினார். ஊட்டும்போது அதனிடம் பேசுவார். உன் சின்ன வயதுக் கதைகள். எனக்குத் தெரியாத உன்னை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்று மயங்கி விழுந்தாயாமே? என்னிடம் சொல்லவே இல்லை.

ஒரு காலையில் சந்தையிலிருந்து வந்து உன் வீட்டுக் கதவைத் தள்ளினேன். கையில் பை அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம். விசில் என்று சொல்ல முடியாது, தண்ணீர் வராத குழாயைத் திறந்த மாதிரி ஒரு கீச்சு. அண்ணன் குளியலறையிலிருந்து முகத்தில் சோப்போடு ஓடி வந்தார். நான் பையை மறுபடி அசைத்தேன். இன்னொரு கீச்சு, கொஞ்சம் கோபத்தோடு. நான் உன் படத்துக்கு முன்னால் போய் நின்று, "கேட்டுச்சாடி?" என்றேன்.

அந்தியேட்டி அன்று விளக்கு இருந்தது, பூ இருந்தது, உனக்குப் பிடித்த பலகாரமெல்லாம் இருந்தது. சாம்பிராணி இல்லை. உறவுக்காரர் ஒருவர் கேட்டதற்கு அண்ணன், "புகை வேணாம். தங்கச்சி வீட்ல வழக்கம் இல்ல" என்றார். அவ்வளவு சுருக்கமாக, அவ்வளவு பெருமையாக. காரியம் முடிந்ததும் கூண்டை என் வீட்டுக்குத் தூக்கி வந்தது அவர்தான்.

இதோ, அடுத்த வீட்டுப் புகை அடங்கிவிட்டது. ஜன்னலைத் திறந்தாயிற்று. சந்தைப் பக்கத்து இரைச்சலோடு காற்றும் நன்றாக வருகிறது. என் மறுபக்கத்து அடுத்த வீட்டுக்காரியிடம் ஒரு நாள் போண்டாவைக் கொண்டுபோய் அவள் காதில் வைக்க வேண்டும் என்று இருக்கிறேன். சண்டை போடுவதைவிட அது பலிக்கும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி அடித்தது. உன் அண்ணன்தான். தினமும் அழைக்கிறார். எடுத்தவுடன் நானும் இப்போதெல்லாம் உன்னைப் போல முதலில் மூச்சைத்தான் கேட்கிறேன். இன்று நன்றாக இருந்தார்.

"காதுல வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன், அண்ணே. ஒண்ணும் சொல்லல."

சொல்லி வாய் மூடவில்லை, குடைமிளகாய்க்கு நேரமாகிவிட்டதென்று பின்னாலிருந்து போண்டா அடித்த விசில் கைப்பேசிவழியே கிளமெண்டி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணன் சிரித்தார். அப்படியே உன் சிரிப்பு. அவர் சிரித்து முடிக்கும்வரை நான் கைப்பேசியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.