முழங்கால் உயரத்தில் ஒரு மைக்

மாசி பதினொன்று, சனிக்கிழமை, காலை பத்தே கால் மணி. மேசையில் ஒன்பது டேப் சுருள்கள். ஒன்பதிலும் உங்கள் குரல். பக்கத்தில் நீங்கள் பாடிய மைக், மூடி கழற்றிக் கிடக்கிறது. அதன் கம்பி வலையில் காய்ந்த சேறு. ஸ்க்ரூ டிரைவரால் தட்டினேன், பொடியாக உதிர்ந்தது. ஈரத் துணியால் துடைத்ததும் நடவு வயல் வாசம் கடை முழுக்க எழுந்தது. கூடவே உங்கள் வெற்றிலைப் புகையிலை. நான்கு மாதம் கழித்தும் அடங்கவில்லை.

அக்கா, எனக்கு மடல் எழுதத் தெரியாது. ரிப்பேர் சீட்டு எழுதித்தான் பழக்கம். மூன்று மணிக்கு வண்டி ஏற வேண்டும். அதற்குள் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் தப்பு. நீடாமங்கலத்தில் கட்சிப் பொதுக்கூட்டம். நான் பாலிடெக்னிக் முடித்து மைக் செட் கடை போட்ட புதுசு. தலைவர் வந்து சேரவில்லை. கூட்டம் கலையத் தொடங்கியது. நடவில் பாடுகிறவர் என்று யாரோ உங்களை மேடையில் ஏற்றிவிட்டு, "தலைவர் வர்ற வரைக்கும் ஏதாச்சும் பாடும்மா" என்றார்கள். நான் ஸ்டாண்டை உங்கள் வாய்க்கு நேராக உயர்த்தி வைத்தேன். பாடினீர்கள். குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

"அக்கா, நிமிர்ந்து நில்லுங்க. மைக்கைப் பார்த்துப் பாடுங்க" என்று அதட்டினேன். ஆமாம், அதட்டினேன். முதல் சுருளில் அது பதிவாகியிருக்கிறது.

"ஏ மைக்கு, நான் நிமிந்து நின்னு பாடினதே இல்ல. நிமிந்தா மூச்சு எங்க இருக்குன்னே தெரியல."

என்னைத்தான் 'மைக்கு' என்றீர்கள். கூட்டம் சிரித்தது. சாக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி நீங்கள் குனிந்தீர்கள். இடது கையில் நாற்றுமுடி இருப்பதுபோல, வலது கை பலகையில் நட்டுக்கொண்டே, பின்னால் ஒவ்வோர் அடியாக நகர்ந்து பாடினீர்கள். மைக் உங்கள் தலைக்கு மேலே சும்மா நின்றது. ஆனாலும் கடைசி வரிசையில் பீடி பிடித்தவன் திரும்பிப் பார்த்தான். ஸ்டாண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மைக்கை ஒரு முக்காலியின் காலில் கயிற்றால் கட்டி, உங்கள் முழங்கால் உயரத்தில் வைத்தேன். ஆம்ப்ளிஃபயர் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. தலைவர் வந்தார். முன்வரிசைப் பெண்கள் எழுந்திருக்கவில்லை. "அவங்க முடிக்கட்டும், செத்த உக்காருங்க" என்று ஒரு கிழவர் சொன்னார். தலைவர் உட்கார்ந்தார்.

வயல் பாட்டு மேடையில் இடத்தை அடைக்க வந்தது போய், மேடை அதற்குக் காத்திருந்தது அன்றுதான். அதற்கு முன் எங்கள் பக்கம் யாரும் அதைச் செய்ததில்லை.

அப்புறம் உங்கள் வயல். கேட்டவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் அங்கே இருந்தேன், ஆகையால் நான் எழுதுவதுதான் சரி.

அன்று சாயங்காலக் கூட்டத்துக்காக உங்கள் ஊருக்குக் காலையிலேயே பொருட்களோடு வந்து இறங்கினேன். வாய்க்கால் கரையில் நீங்கள் நின்றிருந்தீர்கள். எதிரே நீங்கள் குத்தகைக்குப் பயிர் செய்த ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர். அதில் லாரியில் வந்திறங்கிய வெளியூர்ப் பெண்கள் இருபத்து நான்கு பேர் நட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குக் குத்தகைப் பதிவுக்காகத் தாசில்தார் வருவதாக இருந்தது. அதற்குள் நடவு முடிந்தால் நிலத்துக்காரரான மிராசுதாரர் அதைத் தன் சொந்தப் பயிர் என்று காட்டிவிடுவார். உங்கள் குத்தகை போய்விடும். வயலில் கால் வைத்தால் கேஸ் என்று அவருடைய காரியஸ்தர் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு மிரட்டினார்.

"என்னக்கா, பார்த்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்றேன்.

"காலை வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னான்? குழாயை அந்தப் பக்கம் திருப்பு தம்பி."

நான் ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பினேன், பாட்டரியை இணைத்தேன், மைக்கை ஒரு கழியில் முழங்கால் உயரத்துக்குக் கட்டினேன். நீங்கள் வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் குனிந்தீர்கள்.

நடவு தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், வரிசை திருப்பிப் பாடும். திருப்பிப் பாடும்போது கை நாற்றை ஊன்றும். பாட்டு எவ்வளவு வேகமோ கை அவ்வளவு வேகம். மிராசுதாரர்கள் வேகமாகப் பாடுகிறவளைத் தேடிப் பிடிப்பது இதனால்தான். அந்த வரிசையில் பாட ஆள் இல்லை. ஆளுக்கொரு வேகத்தில் நட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் குரல் வயலுக்குப் போய்ச் சேர்ந்ததும் இருபத்து நான்கு முதுகும் ஒன்றாக அசைந்தன. வழக்கமான வேகத்தில் தொடங்கினீர்கள். பிறகு மெல்ல இறக்கினீர்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிடத்துக்கு நாற்பது நாற்று ஊன்றிய கைகள் பன்னிரண்டுக்கு வந்திருந்தன.

"இந்த நாத்து விட்ட கையி கரையில நிக்குது தாயே,
இந்தச் சேறு மிதிச்ச காலு கரையில காயுது தாயே."

காரியஸ்தர் கத்தினார்: "ஏய், பாட்டைக் கேக்கவா வந்தீங்க? கையை ஓட்டுங்கடி!" அவர்கள் ஓட்டத்தான் பார்த்தார்கள். கை கேட்கவில்லை.

ஒன்றரை மணிக்கு என் பாட்டரி செத்தது. இதுவும் என் தப்புதான், முந்தின நாள் சார்ஜ் போடாமல் வந்திருந்தேன். குழாய் கரகரத்து அடங்கியது. உங்கள் குரலும் கட்டிப்போயிருந்தது. தோற்றோம் என்று நினைத்தேன். காரியஸ்தர் சிரித்தார்.

அப்போது வயலுக்குள்ளிருந்து பாட்டு வந்தது. அதே அடி, அதே மெதுவான நடை. வரிசையின் நடுவில் இருந்த ஒரு நெட்டைப் பெண் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். நீங்கள் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, "பாருடா மைக்கு, கம்பி இல்லாமப் போவுது" என்றீர்கள்.

மூன்றாவது சுற்றில் அந்த நெட்டைப் பெண் பாட்டை நிறுத்தினாள். "இது யாரு வயலுங்க?" என்று காரியஸ்தரைக் கேட்டாள்.

"உனக்குக் கூலி குடுக்குறவரு வயலு."

"அப்ப நாத்து ஏன் அந்தம்மா நாத்தங்கால்லேர்ந்து பறிக்கச் சொன்னீங்க?"

அவள் வாய்க்காலில் கை கழுவினாள். இருபத்து நான்கு பேரும் கரையேறினார்கள். தாசில்தார் வந்தபோது கால்வாசிகூட நட்டிருக்கவில்லை. நெட்டைப் பெண் அவரிடம் நாற்றங்காலைக் காட்டினாள்: "நாங்க விடிஞ்சு வந்தவங்கய்யா. இது ஒரு மாசத்து நாத்து. போட்டது இவங்க." பக்கத்து வயல்காரர்களும் வந்து சொன்னார்கள். தாசில்தார் நோட்டைத் திறந்து பேர் கேட்டார். நீங்கள் சொன்ன சத்தத்தில் கொக்கு பறந்தது.

"காது கேக்குதும்மா, மெதுவாச் சொல்லு."

"காலையிலேர்ந்து மெதுவாத்தான்யா சொன்னேன். இது எழுதிக்கிறதுக்கு."

மிச்ச நிலத்தை உங்கள் தெருப் பெண்களும் லாரியில் வந்த பெண்களும் சேர்ந்து நட்டீர்கள். அந்தப் பாட்டின் வேகத்தை என்னால் எண்ண முடியவில்லை. இருட்டுமுன் முடிந்தது. சாயங்காலக் கூட்டத்துக்கு மைக் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அதன் பிறகு ஊர் ஊராக உங்களைக் கூப்பிட்டார்கள். நாகப்பட்டினம் வரை போனோம். வயலில் பதிவு செய்யும்போது சேறு சளக் சளக் என்று கேட்கிறது, வடிகட்டிவிடுகிறேன் என்றேன். "அதை எடுத்துட்டா யாருடா நடுவா?" என்றீர்கள். நான் முறைத்தேன். பிறகு போட்டுக் கேட்டேன். அந்தச் சத்தம்தான் தாளம். நீங்கள் சொன்னது சரி. நீங்கள் உயிரோடு இருந்தபோது இதை ஒத்துக்கொள்ளவில்லை.

போன ஐப்பசியில் நீங்கள் போனீர்கள். மழையில் ரோடு அறுந்து, நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வயலில் உங்கள் பயிர் பால் பிடித்து நின்றது. பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தது. இப்போது உங்கள் மகள் பெயர் இருக்கிறது. காரியஸ்தர் இப்போது அந்த வரப்பில் நடப்பதில்லை, ரோடு சுற்றிப் போகிறார்.

இன்று வலங்கைமான் விழாவில் பாடப்போவது அந்த நெட்டைப் பெண். அவள் ஊர்ப்பக்கம் உங்கள் மெதுவான பாட்டு பதினேழு கிராமத்தில் இருக்கிறதாம், அவளே எண்ணிச் சொன்னாள். விழாக்காரர் நேற்றுக் கடைக்கு வந்து, "தம்பி, ஸ்டாண்டு நல்லா உசரமா இருக்கணும், போட்டோ எடுக்கிறாங்க" என்றார். முன்பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

இனிச் செய்யப்போவது:

1. பாட்டரி இரண்டு. இரண்டும் நேற்றே சார்ஜ் போட்டாயிற்று.
2. ஒன்பது சுருளுக்கும் நகல் எடுத்து ஒரு செட் உங்கள் மகளிடம், ஒரு செட் நெட்டைப் பெண்ணிடம் கொடுப்பது.
3. சேற்றுச் சத்தத்தில் கை வைப்பதில்லை.
4. முதல் சுருளில் நான் அதட்டுவதை அழிப்பதில்லை. கேட்கிறவர்கள் சிரிக்கட்டும்.
5. மைக்கைத் துடைத்தது போதும். வலையில் மிச்சம் இருக்கிற சேறு அப்படியே இருக்கும்.
6. ஆறு மணிக்கு மேடை. போட்டோக்காரர் என்ன கத்தினாலும், முக்காலி, கயிறு, முழங்கால் உயரம்.