மாடியில் மட்டும் மழை

கே.கே. நகர், திருச்சி
3-4-2024

அன்பு ஜென்சிக்கு,

ஆண்டவர் கிருபையில் நலம். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதமென்றால் நான் முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நம் மாடியில் நீ வைத்துவிட்டுப் போன வெப்பமானிப் பெட்டி சௌக்கியம். இந்தக் கோடையில் அது நாற்பதைத் தாண்டினால், வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு பெங்களூருக்கே வந்துவிட வேண்டுமென்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாயே, தாண்டவில்லை பார்த்தாயா! என்னைப் பற்றிக் கவலைப்படாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
பேட்ரிசியா


பெங்களூரு
11-4-2024

அன்புள்ள அம்மா,

உங்கள் வழிக்கே வந்து கடிதமாகவே எழுதுகிறேன். உலகம் சூடாகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். திருச்சி எவ்வளவு, அதிலும் எந்தப் பக்கம் எவ்வளவு என்பது அங்கங்கே அளந்தால்தானே தெரியும்? அதற்குத்தான் ஸ்ரீரங்கம், பொன்மலை, எடமலைப்பட்டி புதூர் என்று வீடு வீடாகப் பெட்டி வைத்தோம். ஒரு வருஷத்து வெயிலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல வருஷம் பொய்யில்லாமல் அளக்க வேண்டும்.

இப்போது எங்கள் வரைபடத்தில் ஊரே சிவப்பு. இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிற ஸ்ரீரங்கம்கூட. நம் வீடு மட்டும் ஊட்டி! பெட்டி அனுப்புகிற கணக்கில் தினமும் மதியம் ஈரப்பதமும் எகிறுகிறது. நம் மாடியில் மட்டும் மழை பெய்கிறதா? என்ன செய்கிறீர்கள் அம்மா?

ஜென்சி


கே.கே. நகர்
17-4-2024

ஜென்சிக்கு,

திருடியைப் பிடித்துவிட்டாய். ஈரத்துண்டு போடுகிறேன். உனக்குக் காய்ச்சலடித்தால் நெற்றியில் போடுவேனே, அதே மாதிரி பெட்டிமேல். காயக் காய நனைத்துப் போடுவேன்.

வேறென்ன செய்யச் சொல்கிறாய்? அது ஒரு எண்ணைக் காட்டினால் நான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். உன் அடுக்குமாடியில் என்னை யாருக்குத் தெரியும்? இங்கே காலையில் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தால் எதிர்வீட்டு ஜஹானாரா வந்து கதவைத் தட்டுவாள். உன் ஆராய்ச்சியைக் கெடுத்ததற்குத் திட்டிக்கொள். கிளம்பச் சொல்லாதே.

அம்மா


பெங்களூரு
24-4-2024

அம்மா,

கோபம் வந்தது, நிஜம். இந்தக் கோடைக்கு நம் வீட்டுக் கணக்கு முழுவதையும் தூக்கிப் போட்டாயிற்று. ஆனால் அந்த வெயிலில் நீங்கள் மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறீர்களே, அதை நினைத்ததும் கோபம் போய்விட்டது. வெயிலை அளக்க வைத்த பெட்டியைக் காட்டி உங்களை மிரட்டியிருக்கக் கூடாது. அந்தச் சத்தியம் இனி இல்லை. நாற்பத்தைந்து காட்டினாலும் வீட்டைப் பூட்டச் சொல்ல மாட்டேன்.

எனக்கு உண்மை மட்டும் வேண்டும். அங்கே எப்படி இருக்கிறது?

ஜென்சி


கே.கே. நகர்
1-5-2024

கண்ணு ஜென்சி,

துண்டை எடுத்துவிட்டேன். மறுநாளே நாற்பத்தொன்று. உனக்குத்தான் அது வந்து சேர்ந்திருக்குமே. பெட்டி சொல்லாததை நான் சொல்கிறேன். இருட்டின பிறகும் சுவர் சுடுகிறது. சாயந்திரப் பூசைக்குப் போவதை விட்டுவிட்டேன். போன மாதம் துண்டு நனைக்கப் போனபோது மாடிப்படியிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். ஜஹானாராதான் மோர் கொடுத்து, தன் வீட்டு ஏசியில் படுக்கவைத்தாள். "டீச்சர், இதை ஜென்சிகிட்ட சொல்லிடுங்க" என்று அன்றைக்கே சொன்னாள். பயமாக இருந்ததடி. சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவாயே என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது நீ கூப்பிடவில்லை, நானாக வருகிறேன். அங்கேயும் இந்த வருஷம் வெயில்தானாமே! இருக்கட்டும், உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. டிக்கெட் போட்டாயிற்று, திரும்பி வருவதற்கும் சேர்த்து.

உன் அம்மா