யாரும் இறங்காத சேறு

சேசு மரி சூசை துணை

பாம்பூஃப்ளாட்,
18.10.1962

அன்புள்ள ஓவர்சியர் அண்ணாச்சிக்கு,

செபஸ்தியான் எழுதுவது. மதினி, பிள்ளைகள் எல்லாரும் சுகந்தானே? லீவில் தீவை விட்டுப் பாளையங்கோட்டை போனவர் ஒரு கார்டு போடக்கூடாதா? “ஊர்ச் சோறு கண்டதும் உங்க அண்ணாச்சிக்கு நாம மறந்துபோச்சு” என்கிறாள் கிரேசி.

உள்ளான் குருவிகள் வந்துவிட்டன. வளைமூக்குப் பறவைகளும் வந்து, கடல்நீர் ஏறி இறங்கும் நம் சேற்றை மூடி நிற்கின்றன. அவை எங்கே கொத்துகின்றனவோ அங்கே வலை போட்டால் இறால். என்னோடு வள்ளத்தில் வந்து பார்த்தவர்தானே நீங்கள்! இப்போது சர்க்கார் குடியேற்றும் வங்காளி அகதிக் குடும்பங்களுக்கு வயலாக்க, சேற்றின் கடலோரமாகவே அணை போடுகிறார்கள். புது இன்ஜினியரிடம் பறவைகளைக் காட்டினேன். “பேகார் ஜமீன் ஹை” என்கிறார். உதவாத நிலமாம்! நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்று தாளை வேறு நீட்டினார்.

ஆனி மாதம் நீங்கள் தந்த தாள்தான். “மட்டி பொறுக்குறோம், மீன் பிடிக்கோம்னு சொன்னா, சர்க்கார் நிலத்த ஆக்கிரமிச்சிருக்கான்னு குடிசையப் பிரிச்சிருவாங்கடே. யாரும் இறங்குறதில்லன்னு போடு” என்றீர்கள். பட்டா இல்லாதவன், பயந்து போட்டேன்.

அணையை இருநூறு அடி உள்ளே தள்ளினால் அவர்களுக்கு வயலும் கிடைக்கும், சேறும் பிழைக்கும். தையில் கடல்நீர் உள்ளே வரும் வாயை அடைத்துவிடுவார்கள். நீங்கள் ஒரு வரி எழுதினால் இன்ஜினியர் கேட்பார். எழுதுவீர்கள்தானே?

தங்கள் தம்பி,
செபஸ்தியான்

*

முருகன் துணை

பாளையங்கோட்டை,
9.11.1962

அன்புத் தம்பி செபஸ்தியானுக்கு ஆசிகள்.

உன் கடிதம் கப்பலேறி வந்து சேர இருபது நாள். மூத்தவள் ஜெயலட்சுமிக்கு வரன் கூடிவந்திருக்கிறது; லீவை நீட்டிவிட்டு ஒரே அலைச்சல். கிரேசியின் கோபத்துக்குக் கருப்பட்டி கொண்டுவருகிறேன் என்று சொல்.

இன்ஜினியருக்கு இன்றே எழுதிவிடுகிறேன். நாலு பறவைக்கு இத்தனை பதற்றமா? கவலையை விடு.

உன் அண்ணாச்சி,
திருநாவுக்கரசு

*

சேசு மரி சூசை துணை

பாம்பூஃப்ளாட்,
28.1.1963

அண்ணாச்சி,

பொங்கலன்று வாயை அடைத்துவிட்டார்கள். பத்தே நாளில் சேறு வெடித்துப்போனது. மட்டியெல்லாம் வாய் பிளந்து நாறுகிறது. உள்ளான்கள் வந்து இறங்கும், காய்ந்த மண்ணைக் கொத்திக் கொத்திப் பார்க்கும், எழும்பிப் போகும். மறுநாளும் வரும். நாலு நாளாக அதுவும் இல்லை. கூடையோடு போன கிரேசி வெறுங்கையாகத் திரும்பி, முற்றத்தில் உட்கார்ந்து அழுதாள். என்ன சொல்லித் தேற்ற?

உங்களிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை என்று இன்ஜினியர் சாதிக்கிறார். எங்கள் அண்ணாச்சி எழுதினேன் என்றால் எழுதினவர்தான், கப்பலில் தொலைந்திருக்கும் என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். தொலைந்துதானே போனது? ஒரு வரி எழுதுங்கள்.

செபஸ்தியான்

*

முருகன் துணை

ஷாதிபூர்,
2.3.1963

தம்பி,

கடிதம் தொலையவில்லை. நான் எழுதவே இல்லை.

அந்தச் சேற்றை ஆனியில் அளந்தேன். ஆனியில் அங்கே ஒரு குருவிகூட இருக்காது. ‘பறவையில்லை, ஆளில்லை’ என்று அறிக்கை கொடுத்தேன். ஐப்பசியில் வந்து இறங்கும் என்று தெரிந்தே கொடுத்தேனடா. வேலை சீக்கிரம் தொடங்கினால் பிரமோஷன் என்றார்கள். பெண் கல்யாணம் வேறு. என் அறிக்கை பொய் என்று நானே எப்படி எழுதுவது என்று நாளைக் கடத்தினேன். வெட்கமாயிருக்கிறது.

நேற்றுக் கப்பலை விட்டு இறங்கினேன். எப்போதும் வள்ளத்தோடு காத்திருப்பாய், உன்னைக் காணோம். ஃபெர்ரி பிடித்து வீட்டுக்கே வந்தேன். “அவுக இல்ல” என்றாள் கிரேசி. உன் செருப்பு வாசலில் கிடந்தது.

இத்துடன் ஒரு மனு வைத்திருக்கிறேன். என் அறிக்கை தவறு, அணையை உள்ளே தள்ளிப் போட வேண்டும் என்று எழுதி நான் கையெழுத்திட்டுவிட்டேன். இனி பிரமோஷன் கிடையாது, போகட்டும். அந்தச் சேற்றில் பிழைத்தவன் என்று நீயும் போட்டால்தான் மேலிடத்தில் எடுபடும். முன்பு பொய் சொன்னாய் என்று உன் குடிசையில் கை வைத்தாலும் வைப்பார்கள். உன்னிடம் இனி எதையும் மறைக்கமாட்டேன்.

திருநாவுக்கரசு

*

பாம்பூஃப்ளாட்,
5.3.1963

திரு. திருநாவுக்கரசு, ஓவர்சியர் அவர்களுக்கு,

மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கிரேசியும் போட்டிருக்கிறாள். ஃபெர்ரியில் வேலை பார்க்கும் சண்முகத்திடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். குடிசையைப் பிரித்தால் பிரிக்கட்டும்.

ஐப்பசிக்குள் தண்ணீர் உள்ளே வந்தால் பறவைகளும் வரலாம். நீங்களும் வந்து பார்க்கலாம். அணைமேல் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். என் வீட்டுக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
செ. செபஸ்தியான்,
மீனவர்