கடைசியிலிருந்து எழுதிய காலண்டர்

சிதம்பரம்,
16.5.2026, சனிக்கிழமை

அன்புள்ள சேரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, கனிமொழி, நான் மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம். கர்னால் வெயிலில் நீயும் நல்லபடியாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், அதைப் பாதி நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் காலண்டர் தாளைக் கிழித்தேன், பாலைக்கூட அடுப்பில் வைக்கவில்லை. வழக்கமாகக் கிழித்ததைக் கசக்கிப் போட்டுவிடுவேன், இல்லையென்றால் உன் அப்பா ராசிபலனைப் பார்த்துவிட்டு அதைச் சுருட்டிக் காது குடைவார். இன்று திருப்பிப் பின்பக்கத்து வெள்ளையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ஆகாதா என்பாய், நம் வீட்டில் உன்னோடு பேசினால் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும், ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் கனி. இது அப்படிப் பேசுகிற விஷயம் இல்லை.

வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா இன்னும் கடலூர் டிப்போவுக்குத் தினமும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார், முழங்கால் வலிக்குக் கீழே உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை பஸ்ஸுக்கு அடியில் படுப்பதற்குப் பொருந்தாது என்று வைத்துக்கொண்டிருக்கிறார். கனி ஐந்தாவது முடித்துவிட்டாள். உன் சைக்கிளில் பெடல் எட்டுகிறது என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு ஆறாம் வகுப்புக்கு நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தனியார் பள்ளியில் அப்பா படிவம் வாங்கி, அழகாக நிரப்பி, ஃபிரிட்ஜ் மேலே வைத்திருக்கிறார். அம்மா கையெழுத்து என்று போட்டிருக்கும் கோடு மட்டும் பத்து நாளாகக் காலியாக இருக்கிறது. பேனா கிடைக்கவில்லையா என்று நேற்றுக்கூடக் கேட்டார்.

இந்த வருஷம் எங்கள் புவனகிரி அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேல்படிப்பு வழிகாட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன் இல்லையா. நானும் கையேட்டில் வந்ததையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். யாரும் நின்று படித்துப் பார்த்ததில்லை. ஏப்ரல் கடைசியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், பன்னிரண்டுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதிவரச் சொன்னேன். டாக்டர், போலீஸ், கலெக்டர் என்று ஒற்றை வார்த்தையில் முப்பது தாள் வந்தது. அறிவுமதி என்று ஒருவன், அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தான். இளமதி மட்டும் ஒரு கட்டாகக் கொடுத்தாள். புவனகிரி பஸ் ஸ்டாண்டில் பூக்கடை வைத்திருக்கும் திருநாவுக்கரசின் பெண்தான் இளமதி. நீ என்னோடு பள்ளிக்கு வந்த நாளில் மழை பெய்தால் உன்னைக் கடைக்குள் இழுத்து நிறுத்திக்கொள்வாரே, அவர்தான். அவள் கொடுத்தது போன வருஷத்துக் காலண்டர் தாள்கள். பின்பக்கத்தில் எழுதி, ஓரத்தில் துளையிட்டு, பூக்கட்டும் நாரால் தைத்திருந்தாள். முதல் தாளில் என்ன எழுதியிருந்தாள் தெரியுமா, ‘2034 ஆகஸ்ட். மழைக்கு முன்னால் அணைக்கட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும்.’

எனக்கு ஒன்றும் புரியவில்லை, தாளைத் திருப்பினேன். 2033, பொறியாளர் தேர்வு. அதற்கு முன் நான்கு வருஷம் சிவில் படிப்பு. அதற்கு முன் கலந்தாய்வு. அதற்கு முன் 2028 டிசம்பர், ‘சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இப்போதே வாங்கி வைப்பது, மே மாதக் கூட்டத்தில் நிற்கக் கூடாது.’ அப்படியே படிப்படியாகக் கீழே இறங்கி, பதினொன்றாம் வகுப்பில் கணக்கு குரூப், பத்தாம் வகுப்புக் கணக்கில் அவளுக்கு வராத இரண்டு பாடம் என்று இந்த மாதம் வரைக்கும் வந்து நிற்கிறது. நாமெல்லாம் இன்றைக்கு நிற்கும் இடத்திலிருந்து முன்னால் பார்ப்போம், அவள் போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து வீட்டுக்கு வழி போட்டிருக்கிறாள். நடுவில் ஒரு தாளை மடித்து வைத்திருந்தாள். பிரித்தால், சிவில் கிடைக்காவிட்டால் பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் வருஷத்தில் சேரும் வழி. இன்னொன்றில், ‘அரியர் விழுந்தால் ஒரு நாள் அழலாம்.’ இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், பதினான்கு வயதில் ஒரு மனசுக்குள் இவ்வளவு தூரம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஏன் அணைக்கட்டு என்று கேட்டேன். மூன்று வருஷம் முன்னால் ஐப்பசியில் வெள்ளாற்றுத் தண்ணீர் அவர்கள் வாசல்வரைக்கும் வந்ததாம். மேலே ஷட்டரைத் திறந்துவிட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்களாம், யார் திறந்தார்கள் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லையாம். தன் அம்மா கொளஞ்சியம்மாளை இழுத்துக்கொண்டு ஒரு லீவு நாளில் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கே இருந்தவரிடம் எப்போது திறக்கலாம் என்று முடிவு செய்வது யார், அவர் என்ன படித்தார், எங்கே படித்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த முடிவை எடுக்கிற ஆளாகத் தான் இருக்க வேண்டுமாம்.

அந்தக் கட்டுக்குள் ஒரே ஒரு தாள் மட்டும் காலி, இந்த ஜூன் மாதம். அவள் அப்பா அவளைப் பத்தாம் வகுப்புக்கு, நீ பதினொன்று படித்த அதே தனியார் பள்ளிக்கு மாற்றப் போகிறார், வேன் புவனகிரி வரைக்கும் வருகிறது. இளமதி நான் ஒட்டிய சுவர்த் தாள் ஒன்றைக் காட்டினாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒதுக்கும் ஏழரை சதவீத இடம், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால்தான் கிடைக்கும் என்று அதில் பொடி எழுத்தில் இருக்கிறது. ‘நடுவுல மாறுனா போச்சா டீச்சர்?’ என்று கேட்டாள். போச்சு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அப்ப சேரன் அண்ணனுக்கும் போச்சா?’ என்றாள். நான் அந்தத் தாளின் பிரிந்த ஓரத்தை அழுத்தி ஒட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, ‘எங்க அப்பா ஒங்களப் பாத்துதான் டீச்சர் மாத்துறாரு. நீங்க சொன்னாதான் கேப்பாரு’ என்றாள். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை, அந்தக் கட்டுக்குள் ஒரு தாள் குறைகிறது என்று சொன்ன மாதிரி இருந்தது.

போன வியாழக்கிழமை பூக்கடைக்குப் போனேன். திருநாவுக்கரசு பூவைக் கட்டிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டு, ‘நீங்களே ஒங்க புள்ளைய அங்கதான டீச்சர் கொண்டுபோய்ச் சேத்தீங்க, ஒங்களுக்குத் தெரியாததா?’ என்றார். அவர் தெருவில் உன்னைப் பார்த்து நான்கு பிள்ளைகள் மாறியிருக்கிறார்களாம், பெருமையாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொளஞ்சியம்மாள், ‘பொண்ணு அணக்கட்டத் தொறக்கணும்ங்குது, இவரு வேனு கதவத் தொறந்து வச்சிக்கினு நிக்கிறாரு’ என்று ஒரு போடு போட்டாள். அவர் காதில் வாங்கவில்லை. திங்கட்கிழமை டி.சி. வாங்க வருகிறேன் என்றார். ஒரு முழம் மல்லிகை கொடுத்தார், வாங்கி வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலேயே பஸ் ஏறிவிட்டேன்.

அதை முதலில் உனக்குச் சொல்ல வேண்டும். நீ பத்தாவது முடித்தபோது அப்பா, எங்கள் பள்ளியிலேயே படிக்கட்டுமே என்றுதான் சொன்னார். பிடிவாதம் பிடித்து மாற்றியது நான். மற்ற ஆசிரியர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதைத்தான் பார்த்தேன், விதியைப் படிக்கவில்லை. படித்துச் சொல்ல வேண்டிய ஆளே நான்தான். கால்நடை மருத்துவத்துக்கு உனக்கு இடம் வராதபோது, இந்த வருஷம் கட் ஆஃப் ஏறிவிட்டது என்று சொன்னேன், நீயும் சரிம்மா என்று எழுந்துபோய்விட்டாய். அன்று நான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பட்டியலையும் பார்த்தேன் சேரா. கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் மார்க் உன்னுடையதை விட நான்கு குறைவு. அந்தப் பட்டியலை மூடிவிட்டேன், இரண்டு வருஷமாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீ ஒரு வார்த்தை குறை சொல்லாமல், அகில இந்தியத் தேர்வு எழுதி, பால்வளப் படிப்பு என்று ஒன்று இருப்பதை நீயே தேடிக் கண்டுபிடித்து, இந்தி தெரியாமலேயே வடக்கே கர்னாலுக்குத் தனியாக ரயில் ஏறினாய். உன்னை நினைத்தாலும் எனக்கு இப்படித்தான் மலைப்பாக இருக்கிறது. ஆனால் உன் தைரியம் என் தப்பை மறைத்துவிட்டது, அதைப் பார்த்துத்தான் நான்கு பேர் போனார்கள்.

வெயிலில் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போகாதே, மோராவது குடி, பாலுக்கே படிக்கிற பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தோடு முறுக்கும் பருப்புப்பொடியும் வைத்திருக்கிறேன், பொடியை அறையில் உள்ளவர்களுக்கும் கொடு. பரீட்சை முடிந்ததும் டிக்கெட் போட மறந்துவிடாதே. எங்கே இருந்தாலும் நீ நினைத்தது கைகூடி, உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும் கண்ணு, அம்மா அதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

திருநாவுக்கரசு நான் பேசுவதைக் கேட்க மாட்டார், நான் செய்வதைத்தான் பார்ப்பார். ஒரு பிள்ளையை வைத்துச் செய்த தப்பை இன்னொரு பிள்ளையை வைத்துச் சரிக்கட்டுகிறேனோ என்று இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் இளமதி படித்தது எங்கள் பள்ளியில், நீ படித்ததும் அங்கேதான், அது கனிக்கு மட்டும் போதாது என்று எதை வைத்து நினைத்தேன் என்று தெரியவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை, அப்பாவையும் கனியையும் உட்கார வைத்து உன் மார்க்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்வேன். அப்பாவுக்குக் கோபம் வரும், வரட்டும். திங்கட்கிழமை காலை டி.சி. கேட்டுத் திருநாவுக்கரசு கிளம்புவதற்கு முன்னால், கனியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பூக்கடை வாசலில் இறங்கி, அவரிடமும் சொல்லிவிட்டு, நேரே எங்கள் பள்ளிக்குப் போய் அவளை ஆறாம் வகுப்பில் சேர்ப்பேன். இது உன் கைக்கு வரும்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இந்த நிமிஷம் யாருக்கும் தெரியாது. காலையில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ‘ஜூன், கனி, அம்மாவோடு புவனகிரி பஸ்’ என்று எழுதி, ஃபிரிட்ஜ் மேலே அந்தப் படிவத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
பவானி