தொடும் முன்னே வந்த பதில்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கவில்லை, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

சர்க்கரை நோய் மேற்படிப்பில் இந்த வாரம் பாதப் பரிசோதனை. நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். காலில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட வேண்டும்; தெரிந்தால் அவர் சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்தவருக்கு உங்கள் வயது, உங்களைப் போலவே சர்க்கரை. "தெரியுதாங்க?" என்று கேட்டுக் கேட்டுத் தொட்டேன். பத்து முறையும் "தெரியுதும்மா" என்றார்.

பேராசிரியை இழையை வாங்கி, தொடாமலே, "இப்ப தெரியுதா?" என்றார்.

"நல்லாத் தெரியுதும்மா!"

வகுப்பே சிரித்தது. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

"கேட்டா ஆமான்னுதான் சொல்லுவாங்க. கேக்காம தொடு," என்றார் பேராசிரியை.

கேட்காமல் தொட்டேன். பத்தில் ஏழு இடங்களில் அவர் வாயே திறக்கவில்லை.

மூன்று நாளாகப் புத்தகத்தில் மனம் ஒட்டவில்லை அப்பா. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறேன். செருப்பு கழன்றது தெரியாமலே வீடுவரை வந்துவிட்டதாகப் போன மாதம் போனில் சொன்னீர்களே, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேனே.

ஒன்றுமில்லை, ஒரு சின்ன வேலைதான். தினமும் குளித்ததும் அம்மா உங்கள் உள்ளங்காலைப் படமெடுத்து அனுப்பட்டும். படத்தில் உங்கள் இருவர் முகமும் விழுந்தால் தப்பில்லை. இந்த வாரமே டாக்டரிடம் காலைக் காட்டிவிடுங்கள். வெறுங்காலோடு மொட்டை மாடிக்குப் போக வேண்டாம்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டு முடிப்பதற்குள் "நல்லா இருக்கேம்மா" என்பீர்கள்.

உங்கள் மகள்