ஜென்செட்டில் கை வைத்தவள்

அக்டோபர் 3, வெள்ளி

காலையிலிருந்து தூறல். நின்றதும், சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் எங்கள் கேரவனின் ஜென்செட்டுக்கு ஆயில் மாற்றினேன். நானே. தனியாக.

இவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து குனிய முடியாது. ஷூட்டிங்குக்கு வண்டி ஓட்டிப்போவது நான்தான். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஏசி, மேக்கப் லைட், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் ஜென்செட்டைத் தொட்டால்தான் ஆட்சேபம். ஆயில் மாற்றும் கெடு தாண்டி எத்தனையோ நாள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்தால் தார் மாதிரி கறுப்பு. இன்னும் எத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருப்பது?

கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆயில் சூடானதும் அடி போல்ட்டைக் கழற்றினேன். பழைய பெயிண்ட் டப்பாவில் பிடித்தேன். ஆயில் ஃபில்டர் புதுசு. டிப்ஸ்டிக்கின் இரண்டு கோட்டுக்கு நடுவே அளவு. ஸ்டார்ட் செய்தால் சத்தமே மாறிவிட்டது. முழங்கை வரை கரி. ரொம்ப சந்தோஷம்.

மதியம் கொழுந்தன் பாபு வந்தான். பீன்யாவில் கம்பெனி வேலை, ஆயுத பூஜையிலிருந்து லீவு. "இதெல்லாம் நீங்க தொடலாமா அண்ணி? நான் இல்ல?"

"நீ இருக்கே. ஆயில்தான் ஒரு மாசமா கறுத்துக்கிட்டே இருக்கு."

புதன்கிழமை பூஜைக்கு அவன் கட்டிய மாலைகள் இன்னும் வண்டி முழுக்க. முன்கண்ணாடிக்குக் கீழே, கதவில், ஜென்செட் பெட்டியில் காற்று உள்ளே போகும் கம்பிச் சட்டத்தின் மேல்கூட ஒரு செண்டுமல்லிச் சரம். எடுக்கக் கூடாதாம். தானாக உதிரணுமாம்.

துணி சோப்பு வாங்கணும்.

அக். 5, ஞாயிறு

நல்ல வெயில். தேவனஹள்ளிப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் சீரியல் ஷூட்டிங். நடு மத்தியானம் ஜென்செட் நின்றுவிட்டது. ஆறவிட்டால் ஓடுகிறது. திரும்ப நிற்கிறது. அம்மா வேஷம் போடும் நடிகை மேக்கப் ஒழுக இறங்கி வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

புரொடக்‌ஷன் மேனேஜர் கன்னடக்காரர், தமிழ் கலந்து பேசுவார். "ஏனம்மா, மத்தே நின்னுடுச்சா? சனிக்கிழமை ஷூட்டிங்லயும் இப்படி ஆச்சுன்னா வேற வண்டி கூப்பிட்டுக்கறேன். பேஜார் பண்ணிக்காதீங்க."

வீட்டுக்கு வருவதற்குள் பாபுவுக்குச் சேதி போய்ச் சேர்ந்திருக்கிறது. இவரிடம் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருக்கிறான். "இத்தன வருஷம் நிக்காத ஜென்செட்டு. அண்ணி கை வெச்ச உடனே நிக்குது, பாத்தியாண்ணா? வண்டிய என்கிட்ட விட்டுடு. டிரைவர் போட்டு நான் ஓட்டிக்கறேன்."

இவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சனிக்கிழமை பாக்கலாம். அன்னிக்கும் நின்னா நீயே எடுத்துக்கோ" என்றார்.

"அவ சரியாத்தான் செஞ்சிருப்பா" என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. வண்டி போனால் நான் மறுபடி அடுப்படியோடு சரி. மாட்டேன்.

கோபத்தில் சாப்பிடவில்லை. அப்புறம் சாப்பிட்டேன். வயிறு என்ன தப்பு செய்தது.

அக். 7, செவ்வாய்

மேகமூட்டம். ஏர் ஃபில்டர் வாங்க சிவாஜிநகர். பஸ்ஸில் ஒரே நசுக்கல்.

கடைக்காரர்: "வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டுக் குடும்மா, என்னா மாடல்னு கேட்டுக்கறேன்."

பழைய ஃபில்டரைக் கவுண்டரில் வைத்தேன். "இது பேசும். இதக் கேளுங்க." முறைத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

அல்சூரில் எங்கள் வீட்டை ஒட்டி வண்டி நிற்கும் காலி மனையிலேயே மாட்டினேன். பழைய கதைதான். ஆயில் அளவு சரி. ஒழுகல் இல்லை. டீசல் இருக்கிறது. ஒரு ஏசி போட்டால் ஓடுகிறது, இரண்டும் போட்டால் அரை மணியில் நிற்கிறது. பெட்டி கை வைக்க முடியாத சூடு. சூடு ஏறித்தான் தானாக அணைகிறது. அப்படியானால் என் ஆயில் இல்லை. காற்று.

நாளைக்குப் பெட்டியைப் பிரிக்கணும். கேஸ் புக் பண்ணணும்.

அக். 8, புதன்

கிடைத்தது!!

பெட்டி மேல் இருந்த சரத்தில் வெறும் நூல்தான் மிச்சம். பூவெல்லாம் எங்கே போயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. தரையில் ஒன்றுகூட இல்லை. சட்டத்தைக் கழற்றினேன். ஃபேன் காற்றை இழுக்கும் வழி முழுக்கச் செண்டுமல்லி இதழ். சந்தனமும் தூசியும் சேர்ந்து வெந்த கீரை மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. பாவம், மூச்சு விட வழியில்லாமல் அது நிற்காமல் என்ன செய்யும்?

பழைய டூத்பிரஷ், ஈரத்துணி. ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய அள்ளினேன். பிறகு இரண்டு ஏசி, எல்லா லைட்டும் போட்டு சாயங்காலம் வரை ஓடவிட்டேன். நிற்கவில்லை. உள்ளே குளிரில் கால்மேல் கால் போட்டு ஃபிளாஸ்க் டீ குடித்தேன்.

கவரை இவரிடம் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"வருஷா வருஷம் பூஜை அன்னிக்கே அந்தச் சரத்த மட்டும் நான் எடுத்துடுவேன். பாபுவுக்குத் தெரியாம. இந்த வருஷம் எழுந்து போக முடியல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"மறந்துட்டேன்."

"ஞாயித்துக்கிழமை, அது நின்னப்பகூடவா ஞாபகம் வரல?"

முழங்காலைத் தடவிக்கொண்டே, "வந்துச்சு. அவன் ஆசையா கட்டினது. சொன்னா மனசு நோகும்."

அவன் மனசு நோகக் கூடாது. என் பேர் கெடலாம். என் வண்டி போகலாம். நன்றாக இருக்கிறது நியாயம்.

ராத்திரிக்கு வெறும் ரசம். உப்புக் குறைவு. வேண்டுமென்றேதான்.

அக். 11, சனி

விடியலில் தூறல், அப்புறம் வெயில். கிளம்பும் நேரத்தில் பாபு வந்து நிற்கிறான், புது மாலையும் எலுமிச்சம்பழமுமாக. திருஷ்டி கழிக்கணுமாம். நேராக ஜென்செட் பெட்டிக்குப் போனான். குறுக்கே போய் நின்றேன்.

"நகருங்கண்ணி. சாமி காரியம்."

"சாமி முன்கண்ணாடிக்கிட்ட இருப்பாரு. அங்க கட்டு. இங்க ஒரு இதழ் படக்கூடாது."

கவரை அவன் கையில் கொடுத்தேன். பிரித்தான், முகர்ந்தான். "இதாலயா நின்னுச்சு?"

வாக்கரைப் பிடித்தபடி வாசலில் இவர். பாபு அவரைப் பார்க்க, அவர் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியவர் சொல்லட்டும்.

"ஆமாண்டா" என்றார் கடைசியில். "வருஷா வருஷம் நான்தான் எடுத்துப் போடுவேன். அவ மேல தப்பில்ல."

ஆறு நாள் லேட். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

பாபு நம்பாமல் கூடவே ஏறிக்கொண்டான். மத்தியானம் தாண்டியது, நிற்கவில்லை. ஷூட்டிங் முடிந்து பேக்கப் சொல்லும்வரை நிற்கவில்லை. நடிகை உள்ளேயே தூங்கிவிட்டார், போர்வை கேட்டு. மேனேஜர் வந்து பெட்டியைத் தட்டினார். "பரவாகில்லம்மா! யாரு ரிப்பேர் பண்ணது?"

பாபு முந்திக்கொண்டான். "எங்கண்ணன் வீட்லருந்தே ஃபோன்ல சொல்லி…"

"நான்" என்றேன். ஜென்செட் சத்தத்தை மீறிக் கேட்கிற மாதிரி. லைட்பாய்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக். 12, ஞாயிறு

மழை. நகக்கண்ணில் கரி இன்னும் போகவில்லை, போகட்டும் மெதுவாக. இவருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு, உப்புச் சரியாக. வண்டிச் சாவியை ஆணியில் மாட்டவில்லை, என் பையிலேயே இருக்கிறது.

பாபு ஃபோன். "அண்ணி, தீபாவளிக்கு வண்டிக்குப் பூ வாங்கிட்டு வரேன்."

"வா."

ஃபோனை வைக்கப்போனேன்.

"எங்க கட்டட்டும் அண்ணி?"